ஓட்டுக் கேட்டு வராதவர்

எங்கள் வேடசந்தூரில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வராத அதிகாரி முன்சீப் ஒருவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எம்.எல்.ஏ. வேட்பாளர் வருவார். மாவட்டம் திண்டுக்கல் என்றாலும் நாடாளுமன்றத்துக்கு நாங்கள் கரூர் தொகுதி. அதனால் கரூர்ப் பக்கத்து எம்.பி. வேட்பாளரும் வேனில் கும்பிட்டபடி வருவார். பேரூராட்சி வார்டுக்கு நிற்பவர் மூன்று வேளையும் வருவார். முன்சீப் வரமாட்டார். வேறு ஏதோ மாவட்டத்திலிருந்து மாறுதலில் வருவார், இரண்டு மூன்று வருடம் இருப்பார், கோடை விடுமுறையை ஒட்டி வரும் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சிவில் வழக்குக்கு அவர் முன்சீப், கிரிமினல் வழக்குக்கு மாஜிஸ்திரேட். நாற்காலி ஒன்றுதான். அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று ஊரில் எவரையும் யாரும் கேட்டதில்லை.

இதைக் குறையாக நான் நினைத்ததே இல்லை, என் கட்சிக்காரர் ஒருவர் கேட்கும்வரை. கிணற்றுப் பங்கு வழக்கு. இடைக்காலத் தடை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. படியிறங்கி வேப்பமர நிழலுக்கு வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “வக்கீல் சார், பஞ்சாயத்துத் தலைவரக்கூட நாங்கதான் ஓட்டுப் போட்டு உக்கார வைக்கிறோம். எங்க கெணத்துக்குத் தீர்ப்புச் சொல்றவர மட்டும் எங்கிருந்தோ அனுப்புறாங்க. அவருக்கு எங்க கெணறு எந்தத் தெசையில இருக்குன்னாவது தெரியுமா?”

தோற்றவர் கோபம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர் கேட்டதை ஒரு பெரிய நாடு கிட்டத்தட்ட இருநூறு வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் 1832இல் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்கள் ஓட்டுக்கு விட்டது. 1846இல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது. பிறகு வரிசையாகப் பல மாநிலங்கள். மத்திய நீதிமன்றங்களில் இன்றும் நியமனம்தான். மாநில நீதிமன்றங்களில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் நீதிபதியை ஓட்டுப்பெட்டி வழியாக அனுப்புகின்றன. இதற்கு அன்று சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். ஆளுநர்களும் சட்டமன்றங்களும் தங்கள் ஆட்களையே நீதிபதியாகப் போட்டார்கள். அந்தக் கட்டிலிருந்து நீதிபதியை விடுவிக்க வேண்டுமானால் அவர் மக்களுக்கு மட்டுமே கடன்பட்டவராக இருக்க வேண்டும் என்றார்கள். அதாவது, சுதந்திரமான நீதிபதி வேண்டும் என்றுதான் தேர்தலையே கொண்டுவந்தார்கள்.

அந்தக் கதவு வழியாக நம் பக்கத்து ஆள் ஒருவரும் உள்ளே போயிருக்கிறார். சுரேந்திரன் கே. பட்டேல், காசர்கோடு மாவட்டத்துக்காரர். அப்பா அம்மா தினக்கூலிகள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, பீடி சுற்றப் போனார். எங்கள் பகுதியில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. புகையிலைக் காட்டின் நெடி மூக்குக்குப் பழகிய எங்களுக்குப் பீடி சுற்றுகிற பையன் என்றால் எப்படி இருப்பான் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் திரும்பப் படிக்கப் போய், கோழிக்கோட்டில் சட்டம் முடித்து, ஹோஸ்துர்க் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்து, டெல்லிக்குப் போனார். மனைவி நர்ஸ். 2007இல் குடும்பம் ஹூஸ்டனுக்குப் போனது. அங்கே மளிகைக் கடையில் வேலை, மறுபடி சட்டப் படிப்பு, மறுபடி வக்கீல் தொழில். 2017இல் அமெரிக்கக் குடியுரிமை. 2022இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்றார். முதல் சுற்றில் தன் கட்சியிலேயே பதவியில் இருந்த நீதிபதியைத் தோற்கடித்தார், நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரை. 2023 ஜனவரியில் பதவியேற்றார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைச் சிலர் கேலி பேசியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மேலிருந்து ஆள் தேர்ந்தெடுக்கிற குழு ஒன்றின் கையில் இது இருந்திருந்தால், அந்த உச்சரிப்பும் அந்த மளிகைக் கடையும் அவரை அவ்வளவு தூரம் விட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். தேர்தலுக்கு இந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி ஒரு கடிதம். 2009இல் ஃப்ளோரிடாவில் டாம்பா நகரம் இருக்கிற ஹில்ஸ்பரோ கவுண்டியில் லனெல் வில்லியம்ஸ்-யூலி என்ற வக்கீல், கவுண்டி நீதிபதி பதவிக்கு நின்றார். நம் கணக்கில் கிட்டத்தட்ட முன்சீப் கோர்ட். தேர்தல் செலவுக்கு 25, 50, 100, 250, 500 டாலர் என்று முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பலருக்கும் அனுப்பினார். அந்த மாநில விதிப்படி நீதிபதி வேட்பாளர் தானே கைநீட்டிப் பணம் கேட்கக் கூடாது. அவருக்காக ஒரு குழு கேட்கலாம். தேர்தலில் அவர் தோற்றார். தோற்ற பிறகு ஒழுங்கு நடவடிக்கை வந்தது. பகிரங்கக் கண்டிப்பு, செலவுத் தொகை 1,860 டாலர். பேச்சுரிமை என்று அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 ஏப்ரலில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அங்கும் தோற்றார். நீதிபதி ஓட்டு வாங்கித்தான் வருகிறார் என்றாலும் அவர் அரசியல்வாதி ஆகிவிடமாட்டார் என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கைப் படிக்கும்போது எனக்குக் கண்ணில் பட்டது வேறொன்று. அதே விதிப்படி, பணம் கொடுத்தவருக்கு வேட்பாளர் நன்றிக் கடிதம் எழுதலாம்! கேட்கக் கூடாது, ஆனால் யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கொடுப்பவர்களில் கணிசமானவர்கள் யார்? நாளை அதே நீதிபதி முன்னால் வக்காலத்துப் போட்டு நிற்கப்போகும் வக்கீல்கள்தான்.

என் பெரியப்பா எங்கள் கிராமத்தில் பஞ்சாயத்துப் பேசிவந்தவர். கட்டப்பஞ்சாயத்து இல்லை, காசு வாங்கமாட்டார். வரப்புத் தகராறு, வழித்தடத் தகராறு, அண்ணன் தம்பி பாகம், இவ்வளவுதான். “நியாயம் பேசப் போற வீட்ல காப்பித்தண்ணி குடிக்காதடா” என்பார். ஒரு டம்ளர் காப்பியில் யாரும் விலை போய்விடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அந்த டம்ளரைத்தான் பார்ப்பான், தீர்ப்பைப் பார்க்கமாட்டான். 25 டாலருக்காக உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து வாதம் கேட்டதும் இந்த டம்ளருக்காகத்தான்.

டம்ளர் பெரிதாகிப் போன கதையும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் மேஸி என்ற நிலக்கரிக் கம்பெனிமேல் 5 கோடி டாலர் தீர்ப்பானது. மேல்முறையீடு போகவேண்டிய மாநில உச்ச நீதிமன்றத்துக்கு 2004இல் தேர்தல். கம்பெனியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் 30 லட்சம் டாலர் செலவழித்து ப்ரென்ட் பெஞ்சமின் என்ற வக்கீலை ஜெயிக்க வைத்தார். வழக்கு வந்தபோது பெஞ்சமின் விலகிக்கொள்ளவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று கம்பெனி ஜெயித்தது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஐந்துக்கு நான்குதான். நாலு பேர் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பணம்கூட எண்ணிப் பார்க்கக்கூடியது. எண்ண முடியாதது பயம். பென்சில்வேனியாவில் விசாரணை நீதிபதிகள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்களிடம் போய் ‘தொடரலாமா’ என்று ஓட்டு வாங்க வேண்டும். கிரிகோரி ஹூபர், சான்ஃபோர்ட் கார்டன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அவர்கள் கொடுத்த தண்டனைகளை எடுத்து அலசி 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தேர்தல் நெருங்க நெருங்கச் சிறைத் தண்டனை நீள்கிறது என்று கண்டார்கள். குற்றம் அதே மாதிரியான குற்றம், காலண்டர்தான் வேறு. நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். ஊரே கொதித்துக்கிடக்கும் ஒரு வழக்கு. உள்ளே இருப்பவன்மேல் சாட்சியம் நூலிழையில் தொங்குகிறது. ஜாமீன் மனு வருகிறது. அடுத்த மாதம் ஓட்டுப்பதிவு. அந்த மனுவில் உத்தரவு எழுதப்போகும் பேனா என்ன செய்யும்?

பணத்தைப் பற்றி நாங்கள் அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. எங்களுக்கு அடுத்த தொகுதி அரவக்குறிச்சி. 2016 மே மாதம் வாக்காளர்களுக்குப் பணம் பாய்ந்தது என்று தேர்தல் கமிஷன் அங்கேயும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பரில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. எம்.எல்.ஏ. பதவிக்கே அப்படியென்றால், நாளைக்கு உங்கள் சொத்து வழக்கில் கையெழுத்துப் போடப்போகிறவரின் பதவிக்கு என்ன ஓடும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. சாதி ஓட்டை எண்ணுகிறவர்கள் அதற்குள் வார்டு வாரியாக எண்ணி முடித்திருப்பார்கள்.

மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2025 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கிக் கீழ்வரை ஏராளமான நீதிபதி பதவிகளுக்கு நாடு முழுவதும் தேர்தல். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். வந்தவர்களும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மலைத்துப் போனார்கள். யார் யாருக்குப் போடுவது என்று எண்கள் எழுதிய துண்டுச் சீட்டுகள் கைக்குக் கை மாறின. ஆனால் அதே தேர்தலில்தான் ஹூகோ அகிலார் என்ற மிக்ஸ்டெக் பழங்குடி வக்கீல் உச்ச நீதிமன்றத் தலைமைக்கு வந்தார். சுரேந்திரன் பட்டேலுக்குத் திறந்த கதவு மாதிரி இன்னொன்று. இந்த விஷயத்தில் எதையும் முழுசாகத் திட்டவும் முடிவதில்லை.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பக்கத்து ஊரொன்றின் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றார். வக்கீல் தொழிலில் நாங்கள் நேரில் பார்க்கிற தேர்தல் இதுதான். பெரிய அளவில் என்றால் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 25 பேரைத் தேர்ந்தெடுப்பது. நல்ல வக்கீல் அவர், குறுக்கு விசாரணையில் சாட்சியைத் தண்ணீர் குடிக்க வைப்பவர். அந்த ஒரு மாதம் மட்டும் எதிர்த்தரப்பு எப்போது வாய்தா கேட்டாலும் எழுந்து நின்று, “ஆட்சேபணை இல்லை, அய்யா.” சாட்சி பெட்டியில் ஏறித் தயாராக நிற்கும்போதுகூட! கட்சிக்காரர் முகம் சுண்டிப்போகும். தேர்தல் முடிந்த மறுநாள் பழையபடி ஆட்சேபணை செய்ய ஆரம்பித்துவிட்டார். அவர் லஞ்சம் வாங்கவில்லை, பொய் சொல்லவில்லை. நாலு பேருக்கு நல்லவராக இருந்தார், அவ்வளவுதான். அந்த நல்லவர்த்தனத்துக்கான செலவை அவருடைய கட்சிக்காரர் கொடுத்தார்.

இது கோர்ட்டோடு நிற்பதில்லை. வீட்டில் அண்ணன் தம்பிக்கு நடுவே மாட்டுகிறவர், ஆபீஸில் யாருக்கு லீவு யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர், பள்ளிக்கூடத்தில் மார்க் போடுகிறவர் எல்லோருக்கும் உள்ளே ஒரு சங்கத் தேர்தல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அவர்கள் சொல்வதில் பாதி, இந்தப் பக்கம் வந்தால் இவர்கள் சொல்வதில் பாதி. இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்கும். தகராறு மட்டும் அப்படியே இருக்கும்.

பெரியப்பா அப்படி இல்லை. அவர் இறந்தபோது, அவரிடம் பஞ்சாயத்தில் தோற்ற இரண்டு குடும்பங்கள் எழவுக்கு வரவில்லை. ஊர் பேசியது. ஆனால் அதில் ஒரு குடும்பத்துக்காரர், வேறொரு தகராறு வந்தபோது, பேச்சுவார்த்தை இல்லாத நாளிலேயே பெரியப்பாவைத்தான் தேடி வந்திருந்தார். திண்ணையில் ஏறி உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். தேர்தல் வைத்திருந்தால் அவருடைய ஓட்டு பெரியப்பாவுக்கு விழுந்திருக்காது. தன் வழக்கை மட்டும் அவரிடமே கொடுத்தார்.

கிணற்று வழக்குக்கு வருகிறேன். மூன்று தலைமுறைக்கு முந்தி ஒரே கிணறு; இப்போது நாலு பங்கு. என் கட்சிக்காரருக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு காலை ஆறு மணிவரை முறைத் தண்ணீர். மோட்டார் சர்வீஸ் பெரிய வீட்டுக்காரர் பெயரில். சண்டை எங்கே வந்தது என்றால், முறையைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவதா, மும்முனைக் கரண்ட் இருந்த நேரத்தை வைத்தா என்பதில். கரண்ட் இல்லாத நேரமும் உன் முறையில் கழிந்தது என்கிறார் பெரிய வீட்டுக்காரர். தண்ணீரே ஏறாத நேரம் எப்படிக் கழியும் என்கிறார் இவர். ஊரில் மூன்று முறை பஞ்சாயத்து வைத்து மூன்றும் கலவரத்தில் முடிந்தன. உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் கிணறு தெரியும், தாத்தாக்களைத் தெரியும், கல்யாணத்தில் யார் யாருக்கு மரியாதை குறைந்தது என்பதுவரை தெரியும். இரண்டு தரப்பும் வாயைத் திறக்கும் முன்பே அவர்களுக்குத் தீர்ப்பு தயாராக இருந்தது.

எங்கள் முன்சீப் கடற்கரை மாவட்டத்துக்காரர். மனு விசாரணையில் என்னை நிறுத்திக் கேட்டார்: “முறைன்னா என்ன? மொதல்ல அதச் சொல்லுங்க.” கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அப்படி இல்லை என்று அவர் பங்குக்குச் சொன்னார். கேட்வால்வு யார் கையில், கரண்ட் போனால் யார் எழுந்து போய் மோட்டாரைப் பார்ப்பது, கோடையில் ஊற்று எவ்வளவு நேரத்தில் அடங்கும், எல்லாவற்றையும் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லுகிற மாதிரி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போதுதான் இரண்டு தரப்பும் அடுத்தவர் கதையை முழுசாக, ஊடே கத்தாமல், முதல்முறையாகக் கேட்டன. பெரிய வீட்டுக்காரர் மகன் ஓரிடத்தில் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். என் கட்சிக்காரர் குறையாகச் சொன்ன அந்தத் தெரியாமை, எனக்கு அன்றைக்குப் பெரிய சொத்தாகப் பட்டது. மனு தள்ளுபடியானது வேறு விஷயம். அட்வகேட் கமிஷனர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறார், அசல் வழக்கு நடக்கிறது.

ஆனால் இந்த அந்நியருக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முறை என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த முன்சீப் மாறுதலில் போய்விட்டார். புதிதாக வந்த அம்மாவுக்கு மறுபடி முதலிலிருந்து. சாட்சி சொன்னபோது முகத்தைப் பார்த்தவர் ஒருவர், காகிதத்தில் படித்துத் தீர்ப்பு எழுதப்போகிறவர் இன்னொருவர். இதற்குள் எத்தனை கோடை போய்விட்டது என்று என் கட்சிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நம் கோர்ட்டுகள் தேர்தலே தொடாத புனித இடங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆட்சி மாறினால் கோர்ட்டில் அரசு வக்கீல் நாற்காலிகள் மாறுவதைப் பார்க்க வேடசந்தூரே போதும். மேலே உயர் நீதிமன்றங்களுக்கு நீதிபதிகளை நீதிபதிகளே, மூடிய அறைக்குள், கொலீஜியத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை மாற்ற வந்த நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அந்த அறைக்குள் பீடி சுற்றிய பையன்களின் பெயர்கள் எவ்வளவு சுலபமாக எட்டும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். கீழ்க்கோர்ட்டில் மட்டும் நாம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம். பரீட்சை வைக்கிறோம். இட ஒதுக்கீட்டோடு டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற பரீட்சை. கூலிக்காரர் மகளும் தறிக்காரர் மகனும் நேராக அந்த நாற்காலிக்குப் போகிறார்கள், யாரையும் கும்பிடாமல்.

தேர்தல் என்றதும் உத்திரமேரூரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. மேடையில் பேசுகிறவர்கள் அதை ஓட்டுப்பெட்டிக்குத் தாத்தா என்பார்கள். கல்வெட்டில் இருப்பது ஓட்டு இல்லை, குலுக்கல். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, முப்பது குடும்புகளிலும் (நம் வார்டு மாதிரி) தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல் 70க்குள். சொந்த மனையில் வீடு, வரி கட்டுகிற நிலம், வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். அதனால் ஊரில் பெரும்பாலோர் பெயர் குடத்துக்குள்ளேயே போயிருக்காது, அந்தப் பெருமையை அடக்கி வாசிப்பது நல்லது. ஆனால் இரண்டு விஷயங்களை யோசித்து வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது. முந்திய மூன்று வருடத்துக்குள் இருந்தவரும் வரக்கூடாது. குடத்துக்குள் கை விடுகிற பையனிடம் போய் எவரும் இளித்துப் பயன் இல்லை.

என்னிடம் ஜூனியராக ஒரு பெண் இருக்கிறாள், வடமதுரைப் பக்கம். சிவில் நீதிபதி பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்தப் பரீட்சையில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு; மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கட்டுகளை எடுத்துவைத்து, சாட்சி வாக்குமூலங்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி எழுதிப் பழகுவாள். மூன்று வருடம் வக்கீலாக இருந்தால்தான் எழுத முடியும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கொஞ்ச நாள் சோர்ந்துபோய் இருந்தாள். இப்போது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கட்சிக்காரர் கேட்டதை அவளிடம் சொல்லி, நம் ஊரிலும் முன்சீப் பதவிக்குத் தேர்தல் வைத்தால் நிற்பாயா என்று கேட்டேன்.

“டெபாசிட்டே போயிரும் சார்” என்றாள். “எங்க சித்தப்பா வீட்டு ஓட்டே பதினொண்ணு. போன வருசம் அவரு வேலித் தகராறுல எதிர்த்தரப்புக்கு ஆஜரானது நான்தான?”